ஏற்றத்தில் வலிவு போன கார்

அந்த ஏற்றத்தை நான் எப்போதும் இரண்டாம் கியரில்தான் ஏறுவேன். காரக்கோணம் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து, ரப்பர் தோட்டத்துக்கும் வெட்டி நிறுத்திய செம்மண் சுவருக்கும் நடுவே போகிற கான்கிரீட் வழி அது. கார் வந்தால் எதிரே வருகிற பைக் ஒதுங்கி நிற்க வேண்டும். பாதியில் ஒரு வளைவு. வளைவு தாண்டினால் சிலுவை நட்ட ஒரு குருசடி, அதற்கு மேலே சில வீடுகள்.

அன்று காலை வளைவில் திரும்பும்போது கார் தளர்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்னும் மிதித்தேன். கால் தரை வரை போய்விட்டது, ஆனால் எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. சத்தம் கூடவில்லை, வேகம் கூடவில்லை. வாயில் துணியை வைத்து அடைத்தவர் பேசுவதுபோல் ஒரு முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதல் கியருக்கு மாற்றினேன். பின்னால் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்தது. என்னால் ஒதுங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியுமா என்று பயம். ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நானே தள்ளுவதுபோல் உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன். பிளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிற நர்ஸ். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர்கள் என்னுடையவை. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, வலிக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது, பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது, இதுதான் வேலை. எங்கள் குழுவுக்கு ஒரு வண்டி உண்டு. அது எல்லா நாளும் எனக்குக் கிடைக்காது. கிடைக்காத நாட்களில் என் சொந்தக் காரில் போவேன். என் மகள் பிறப்பதற்கு முன்பே யாரோ வாங்கி ஓட்டிய, இரண்டு கை மாறி என்னிடம் வந்த சின்ன பெட்ரோல் கார்.

மேலே இருந்த முதல் வீட்டில்தான் அன்றைய வேலை. அந்த வீட்டுக்காரர் லாரி டிரைவராக இருந்தவர். லோடுக்கு மேலே தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனது. சில வருஷமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. நான் போன காலமெல்லாம் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சாப்பிட்டீங்களா என்றால் ஆமா. புண் நோவுதா என்றால் தெரியல்ல. அதற்கு மேல் பேச்சு இருக்காது. முகம் ஜன்னல் பக்கம் போய்விடும்.

அன்று நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சிஸ்டரே, வண்டிக்கு என்ன கேடு?"

ஒன்றுமில்லை, கொஞ்சம் திணறியது என்றேன்.

"செகண்டுல கேறி வாற வண்டியாக்கும் அது. இண்ணு ஃபர்ஸ்டுலயும் வலிக்காம முக்கிட்டு வந்துது. நான் கேட்டுட்டுத்தானே கெடக்கேன்."

எங்கள் பக்கத்தில் வண்டி இழுப்பதை வலிப்பது என்றுதான் சொல்வோம். உடம்பில் வருவது நோவு. எனக்கு இந்த வேலையில் இரண்டு சொல்லும் நாள் முழுக்க வாயில் கிடக்கும். அவர் அன்று கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சத்தம் கூடியும் வண்டி ஓடாமல் நின்றதா, அல்லது சத்தமே அமர்ந்து போனதா என்று கேட்டார். சத்தம் கூடினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தமாம். சரியாகக் கவனிக்கவில்லை என்றேன்.

"கவனிக்கல்லேண்ணா பின்ன ஆரு ஓட்டுனது?" என்றார்.

அவர் மனைவி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் பேசியதற்குச் சிரித்தாரா, இவ்வளவு பேசினாரே என்று சிரித்தாரா தெரியவில்லை.

பாறசாலையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு வொர்க்‌ஷாப் உண்டு. எனக்குத் தெரிந்த மெக்கானிக், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு குறைவு. காரை அவரிடம் விட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டி வைத்திருந்தது. தேங்காய் நாரும், நூலும், என் காரின் சீட்டிலிருந்தே பிய்த்த பஞ்சும். இரண்டு பேரும் சிரித்தோம். இதுதான் விஷயம் என்றார். கூட்டை எடுத்துப் போட்டு புது ஃபில்டர் மாட்டி, ஒரு ரவுண்ட் ஓட்டிக் காட்டினார். கார் பாய்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மறுபடியும் அதே முனகல். இந்த முறை ஏற்றம்கூடப் பெரிதில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. எப்போதும் வலிவு இல்லாமல் இருந்தால் ஒரு மாதிரி. இது அப்படியில்லை. ஒரு நாள் நன்றாக ஓடும். மறுநாளும் ஓடும். சரியாகிவிட்டது என்று நினைக்கிற நேரம் பார்த்துக் காலை வாரும். ரேடியோ போடுவதை விட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். ஏற்றம் வருவதற்கு வெகு முன்னாலேயே வேகம் பிடிப்பேன். முன்னால் ஒரு ஆட்டோ மெதுவாகப் போனால் நெஞ்சு அடிக்கும். என் கணவர் பாலராமபுரத்தில் ஒரு புடவைக் கடையில் இருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தாலும் உனக்க வலது காலு ஆடிக்கிட்டே இருக்கு என்று அவர்தான் சொன்னார். வித்துப் போட்டுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்பது அவர் கட்சி. மருந்துப் பையும் கட்டுத் துணியும் காற்றுப் படுக்கையும் எந்த ஸ்கூட்டரில் போகும் என்று நான் கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். ஒரு பிளக் கரி பிடித்து அடையாளம் தெரியாமல் இருந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், அதில் ஒன்றும் காட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெல்லாமோ ஏற்றம் ஏறிவிட்டு வந்தார்.

"எனக்க கையில வரும்போ ஒரு கொழப்பமும் இல்ல, சிஸ்டர்" என்றார். "உங்க கூட வரும்போ மட்டுமாக்கும் இது பிணங்குது."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு வருத்தம். எனக்குத்தான் அழுகை வரும்போல் இருந்தது. நான் பொய் சொல்கிறேன் என்றோ, எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றோ அவர் நினைப்பாரே என்று தோன்றியது.

லாரிக்காரர் வீட்டில் நான் வாரம் ஒருமுறை போக வேண்டும். போகும்போதெல்லாம் முதலில் காரைப் பற்றித்தான் பேச்சு. அவர் சொன்னபடி கவனித்து, இப்போது என்னால் பதில் சொல்ல முடிந்தது. சத்தம் கூடுவதில்லை, அமர்ந்துதான் போகிறது. நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் சில நேரம் எழும்புவதில்லை. அப்படியானால் கிளட்ச் இல்லை, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றார். டாங்குக்குள் இருக்கிற பம்பு தளர்ந்திருக்கும், சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும் என்று உறுதியாகச் சொன்னார். நான் மெக்கானிக்கிடம் அதையே சொன்னேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. பம்பையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார்.

அடுத்த வாரம் அதே வளைவில், அவர் ஜன்னலுக்குக் கேட்கும்படியாகவே, கார் தளர்ந்தது.

நான் உள்ளே போனபோது அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. புண்ணைச் சுத்தம் செய்தேன், கட்டு போட்டேன், திருப்பிப் படுக்க வைத்தேன். வெளியே வந்ததும் அவர் மனைவி என் பின்னாலேயே முற்றத்துக்கு வந்தார்.

"ராத்திரி உறக்கம் இல்ல அவருக்கு. உங்க காரைப் பத்தியாக்கும் நினைப்பு. பம்பு இல்லேண்ணா பின்ன என்ன, பம்பு இல்லேண்ணா பின்ன என்னண்ணு என்னையும் உறங்க விடல்ல."

அவரை நான் தொந்தரவு செய்துவிட்டேனோ என்று கேட்டேன். அவர் மனைவி தோளைக் குலுக்கினார். முன்பெல்லாம் அவர் உறங்கினாரா என்றால் அதுவும் இல்லை, முன்பு காரணம் சொல்லமாட்டார், அவ்வளவுதான் என்றார்.

அந்த நாட்களில் ஒரு மதியம். புற்றுநோய் முற்றிய ஒரு அம்மாவுக்கு வலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மகன் போன் செய்தார். இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள், டப்பாவைத் திறந்தால் இல்லை. என் பையில் இருந்தது. வெள்ளறடைப் பக்கம், நல்ல மேட்டில் வீடு. மேடு தொடங்கின இடத்திலேயே கார் அமர்ந்தது. முதல் கியர், முழு மிதி, ஒரு மாட்டின் வேகம். பிறகு அதுவும் இல்லை, நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், நடுங்கி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நல்ல வெயில். நடக்க நடக்க மகனின் போன். சிஸ்டர் எங்க வரைக்கும் எத்தினீங்க. இதோ வாறேன் என்றேன். வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு. ஓட முயன்றேன், மூச்சு முட்டியது. கடைசியில் மகனே பைக்கில் இறங்கி வந்து என்னிடமிருந்து மாத்திரையை மட்டும் பறிப்பதுபோல் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா சுருண்டு கிடந்து, தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை வேலை செய்கிறவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து சாவியைத் திருகினால் கார் ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பியது. அதன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை ஓங்கி அறைந்தேன். கைப்பிடி தளர்ந்து கையோடு வந்தது.

இதை லாரிக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அடுத்த முறை போனபோது சொன்னேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு அதுல கேறி இருந்து கேக்கணும். இஞ்ச கெடந்து கேட்டா பாதியாக்கும் கேக்குது."

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர் மனைவி. "இப்பத்தான் முதுகுல தோலு வந்திருக்கு."

விழுந்த நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறு எதற்கும் வெளியே போனதில்லை. போனதும் ஆம்புலன்ஸில், கூரையைப் பார்த்துக்கொண்டு. நான் உடனே சரி என்று சொல்லவில்லை. எங்கள் டாக்டரிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் என்றால் உட்காரலாம், தண்ணீர் மெத்தை போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் முதுகைப் பாருங்கள் என்றார். அவர் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், சரி, ஆனால் நானும் கூட வருவேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் என்று வைத்தோம். மெக்கானிக்கையும் வரச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் பைக்கில் வந்தார். அண்டை வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் அவரும் சேர்ந்து லாரிக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்து முன் சீட்டில் இறக்கினார்கள். அவர் மடித்துக் கட்டின வெள்ளை வேட்டியும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் போட்டிருந்தார். கால்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். பெல்ட்டுக்கு மேல் ஒரு துண்டையும் சுற்றி, சீட்டோடு சேர்த்துக் கட்டினோம். அவர் மனைவி பின் சீட்டில் ஏறி, முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கீழே மெயின் ரோடு வரை இறங்கினோம். வழி நெடுக அவர் எதையும் பார்க்கவில்லை. வெளியே பார்ப்பார், ஏதாவது சொல்வார், அழுவார் என்றுகூட நான் நினைத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சூடாக வேண்டும் என்று உதியன்குளங்கரை வரை போய்த் திரும்பச் சொன்னார். போய்த் திரும்பினோம். மெக்கானிக் பைக்கில் பின்னாலேயே வந்தார். கார் கல்யாண வீட்டுப் பிள்ளைபோல் அடக்கமாக ஓடியது. இன்றைக்குப் பார்த்து ஒன்றும் ஆகாது, எல்லோர் முன்னாலும் நான் பைத்தியக்காரியாகப் போகிறேன் என்று எனக்குத் தவிப்பு.

ஏற்றத்தில் திருப்பினேன். இரண்டாம் கியர். வளைவுக்கு முன்பே தளரத் தொடங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முனகலைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது.

"விடாத. மிதி" என்றார் அவர்.

மிதித்தேன். அமர்ந்துகொண்டே போனது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று வெளியே பார்த்தார். அவருக்கும் பிடிகிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அப்போது பின்னாலிருந்து அவர் மனைவி மெதுவாக, தொந்தரவு செய்ய மனசில்லாத குரலில் சொன்னார்.

"சிஸ்டரே, எனக்க காலு பொள்ளுது."

லாரிக்காரர் சட்டென்று தலையைத் திருப்பினார். "எங்க?"

"உங்க சீட்டுக்கு அடியில. காலை நீட்டி வச்சிருந்தேன். தரையில அடுப்பு எரியது மாதிரி இருக்கு."

"எப்பம் தொட்டு?"

"ஏத்தம் கேறத் தொடங்குனதுல இருந்து கூடிட்டு வருது."

அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார், ஆனால் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார். நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். மெக்கானிக் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கல்லைத் தேடி டயருக்குக் கீழே வைத்தார்.

"எலே, சைலன்சருக்க வாயில கைய வச்சுப் பாரு" என்று லாரிக்காரர் ஜன்னல் வழியே மெக்கானிக்கிடம் சொன்னார். "சிஸ்டரு மிதிப்பாங்க."

நான் மிதித்தேன். மெக்கானிக் குனிந்திருந்தது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கையை எடுத்தார், மறுபடி வைத்தார். எழுந்து ஜன்னலுக்கு வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

"பீடிப் புகை அளவுக்குத்தான் வருது" என்றார்.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பேச்சை மற்றவர் பிடுங்கிப் பேசினார்கள், பாதி மலையாளத்தில். எனக்கு விளங்கியது இவ்வளவு. எஞ்சினிலிருந்து வருகிற புகை சைலன்சருக்குப் போகும் வழியில் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா உண்டு. புகையைச் சுத்தம் செய்கிற வேலை அதற்கு. உள்ளே தேன்கூடுபோல் சின்னச் சின்னத் துளைகள். அது உடைந்து வழியை அடைத்துக்கொண்டால் புகை வெளியே போகாது. புகை போகாவிட்டால் எஞ்சினுக்குள் புதுக் காற்று வராது. எவ்வளவு மிதித்தாலும் வலிவு இருக்காது. அடைபட்ட சூடெல்லாம் அந்த டப்பாவில் ஏறி, தரை வழியாக அவர் மனைவியின் காலுக்கு வந்திருக்கிறது.

லாரிக்காரரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்து முதுகைப் பார்த்தேன். ஒரு இடத்தில் சிவந்திருந்தது. அந்தப் பக்கம் அழுத்தம் படாதபடி சாய்த்துப் படுக்க வைத்தேன். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காரை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, மெக்கானிக் அடியில் படுத்து என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரும்பு ஆறுகிறவரை காத்திருந்து, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிற இணைப்பின் போல்ட்டுகளை மெக்கானிக் தளர்த்தினார். புகை அந்த இடுக்கு வழியே வெளியே போகட்டும், இப்போது ஏறிப் பாருங்கள் என்றார்.

ஸ்டார்ட் செய்தபோது ஏதோ வெடித்ததுபோல் சத்தம். கோழிகள் சிதறி ஓடின. கீழே இறங்கி, திருப்பி, மறுபடி ஏற்றத்தில் விட்டேன். கார் ஒரு டிராக்டர்போல் அலறிக்கொண்டு, இரண்டாம் கியரில், வளைவில் ஒரு இடத்திலும் தளராமல் மேலே வந்தது. வழியில் உள்ள வீடுகளிலெல்லாம் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். குருசடிப் பக்கம் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் முற்றத்தில் நிறுத்தி இறங்கும்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் லாரிக்காரரின் முகம் தெரிந்தது. அவர் மனைவியைப் பார்த்து, நீயாக்கும் கண்டுபிடிச்சது என்றார். அவர் மனைவி தேயிலை போட உள்ளே போய்விட்டார்.

அந்த டப்பாவைக் கழற்றியபின் மெக்கானிக் எனக்குக் காட்டினார். ஆட்டினால் உள்ளே சரளைக்கல் உருளும் சத்தம். கவிழ்த்தால் சாம்பல் நிறத்தில் உடைந்த கட்டிகள் கொட்டின. சில உருகி ஒட்டியிருந்தன. அந்தக் கரி பிடித்த பிளக் சரியாகப் பொறி விடாததால் எரியாத பெட்ரோல் டப்பாவுக்குள் போய்ப் போய் அது வெந்திருக்கிறது என்றார். கட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் வழி அடையும், குலுங்கி மறுபக்கம் போனால் திறக்கும். அதனால்தான் அவர் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. உங்கள் மேல் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புது கன்வெர்ட்டர் வர நாளானது. வந்ததும் மாட்டினார். அதற்குப் பிறகு கார் தளரவில்லை.

கார் சரியானதும் எனக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இப்போதும் எந்த ஏற்றத்திலும் என் காது எஞ்சினில்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது சொன்னால் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.

லாரிக்காரர் வீட்டில் வேறு மாதிரியான தொல்லை தொடங்கியது. முதுகில் சிவப்பு சில நாளில் மாறிவிட்டது. ஆனால் அவர் பழையபடி கிடக்க மறுத்தார். உட்கார வை என்பார். வெளியே கொண்டுபோ என்பார். ஒரு நாள் நான் போனபோது அவர் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க ஒரு நாளு கொண்டு போயிட்டு போயிட்டீங்க" என்றார். "எனக்கு எல்லா நாளும் இருக்குல்லா. ஒற்றைக்கு எப்பிடி நான் அவரைத் தூக்குவேன்?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எங்கள் குழுவில் சொல்லி ஒரு சக்கர நாற்காலிக்கும், வாரம் இரண்டு முறை வந்து தூக்கி உட்கார வைக்கிற ஆட்களுக்கும் ஏற்பாடு செய்வதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. இப்போது அவர் முற்றத்தில் உட்காருகிறார். அந்த வழியே போகிற ஆட்டோக்காரர்கள் நிறுத்தி எஞ்சினைக் கேட்கவைத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். அவர் சொல்வதில் பாதி தப்பு என்று மெக்கானிக் சொல்கிறார். அவர்கள் விடுவதில்லை.

சக்கர நாற்காலி வந்த வாரம், நான் கிளம்பும்போது அவர் மனைவி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதியன்னூரில் அவருடைய தங்கை இருக்கிறாள், கணவர் விழுந்த பிறகு அங்கே போகவே இல்லை, என்னால் ஒரு நாள் கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டார். அவரை யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்றார். குழுவில் ஒருவரை அங்கே இருக்க வைத்துவிட்டு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் பலாவில் பழுத்த ஒரு சக்கைப்பழத் துண்டைப் பொதிந்து வைத்திருந்தார்.

தங்கை வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் பேசித் தீர்க்கட்டும் என்று நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். காரைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தேன். போனை எடுத்து வைத்தேன். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமே வரவில்லை. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். தங்கை அடுக்களை வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். உள்ளே கட்டிலில், வந்த சேலையோடு, ஃபேனுக்குக் கீழே, லாரிக்காரரின் மனைவி உறங்கிக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா என்றுதான் கேட்டாராம். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

எழுப்ப வேண்டாம் என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் அவர் உறங்கிக்கொண்டுதான் இருந்தார்.